பளிச்சண்ணன் கழுவிய பல்

அந்தத் தெருவில் அவருடைய சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. சலவைக் கடைக்காரர் என்று கேட்டால்கூடக் கொஞ்சம் யோசிப்பார்கள். பளிச்சண்ணன் என்றால் போதும், கடை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் சட்டைக் கறையோடு மல்லுக்கட்டுகிற மனுஷன். துருவா, கிரீஸா, ரத்தமா, பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கமாட்டார், காலரைத்தான் பார்ப்பார். "இவரை விட்டா நிலாவையே இறக்கித் தேய்ச்சுடுவாரு" என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பாள். அவளும் அதே கடையில்தான் இஸ்திரி போடுகிறாள்.

ஒரே மகள். ஒன்பது வயது. செல்லப்பெயர் குட்டி. அன்று பள்ளிக்கூடத்திலிருந்து சட்டைப் பையில் உள்ளங்கை அகலத்துக்கு மையைக் கொட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அடியே, பேனாவைச் சட்டையிலயா குளிப்பாட்டின?"

"அதுவா லீக் ஆயிடுச்சுப்பா!"

மைக்கறைக்குப் பளிச்சண்ணன் பாலைத்தான் நம்புவார். குழாயடியில் ஒரு கிண்ணத்தை வைத்து, பால் பாக்கெட்டை வெட்டிப் பாதியை ஊற்றிச் சட்டையை ஊறப்போட்டார். மீதிப் பாக்கெட்டைப் பக்கத்திலேயே சாய்த்து வைத்தார். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவரும் வைத்திருந்திருக்கலாம், பாவி மனுஷன்.

கடையில் துணி தள்ளுகிற சக்கர வண்டி ஒன்று உண்டு. அதில் ஏறி நின்று சுவரை உதைத்துக்கொண்டு போவது குட்டியின் விளையாட்டு. ஆயிரம் தடவை திட்டியாகிவிட்டது, ஆயிரம் தடவை ஏறியாகிவிட்டது. அன்று சக்கரம் ஈரத்தில் வழுக்கியது. சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில் வாய் மோதிய சத்தம் இஸ்திரி மேஜைவரை கேட்டது.

ஓடிப்போய்த் தூக்கினால், வாயெல்லாம் ரத்தம். மேல்வரிசையில் முன்பல் இருந்த இடத்தில் ஒரு குழி. பால்பல் இல்லை, முளைத்து இரண்டு வருஷம் ஆன நிரந்தரப் பல். அம்மாக்காரிக்குக் கை கால் ஓடவில்லை. "ஐயோ, என் புள்ள பல்லு போச்சே" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பளிச்சண்ணன்தான் சமாளித்துக்கொண்டார். வெளுத்த கைக்குட்டை ஒன்றை மடித்து மகளை இறுக்கிக் கடிக்கச் சொன்னார். தரையில் தவழ்ந்து தேடி, கழிவுநீர் ஓடுகிற வழியில் மண்ணும் சோப்பு நுரையுமாகக் கிடந்த பல்லை எடுத்துவிட்டார். முழுப் பல், வேரோடு.

"டாக்டர்கிட்ட கொண்டுபோனா திருப்பி வெச்சுடுவாங்களாம். கிளம்புங்க!" என்றாள் மனைவி.

"இரு. இப்படியே அசிங்கமாவா கொண்டுபோய்க் கொடுக்கறது? ரெண்டே நிமிஷம்."

ரத்தத்துக்குச் சுடுதண்ணீர் ஆகாது என்பது அவர் தொழில் சொன்ன பாடம். ஆகவே பச்சைத் தண்ணீர். சோப்பு. காலர் தேய்க்கிற சின்னப் பிரஷ். வேரில் ஒட்டியிருந்த செந்நிறப் பிசிறு எளிதில் போகவில்லை. போகாத கறையைப் பளிச்சண்ணன் விட்டதுண்டா? நகத்தால் சுரண்டினார், மறுபடி தேய்த்தார், கடைசியாக வெளுப்பு மருந்தில் ஒரு முக்கு முக்கினார். துண்டில் ஒற்றி, காகிதத்தில் மடித்து, டெலிவரிக்குக் கொடுக்கிற மாதிரி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

பல் டாக்டரம்மா குட்டியை நாற்காலியில் சாய்த்து வாயைப் பார்த்தார். அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்றாள். டாக்டரம்மா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நின்ற பளிச்சண்ணனிடம் வந்தார்.

"விழுந்து எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அரைமணி நேரம்கூட ஆகலீங்க."

"அட, பரவாயில்லையே! இவ்வளவு சீக்கிரம் யாருமே வரமாட்டாங்க. பல் கிடைச்சுதா?"

பளிச்சண்ணன் காகிதத்தைப் பிரித்து நீட்டினார். இத்தனை கலவரத்திலும் அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது, பொய் சொல்வானேன். டாக்டரம்மா பல்லை மேல்பக்கமாகப் பிடித்து விளக்கடியில் திருப்பினார். அவர் முகம் மாறிப்போயிற்று.

"இதை என்ன பண்ணீங்க?"

"கழுவினேங்க. சோப்புப் போட்டு, பிரஷ்ல நல்லாத் தேய்ச்சு, சுத்தமா..."

"ஐயோ! ஏன் சார்?"

பளிச்சண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. வேரின் மேல் மெல்லிசாக ஒரு தோல் ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்கு உயிர் உண்டு, பல்லை மறுபடி எலும்போடு பிடிக்க வைப்பதே அதுதான் என்று டாக்டரம்மா சொன்னார். அந்தச் செந்நிறப் பிசிறு. அவர் சுரண்டிச் சுரண்டி எடுத்த கறை.

"மண்ணு இருந்தா தண்ணியில ஒரு அலசு, அவ்வளவுதான் சார். வேரைத் தொடவே கூடாது. அப்படியே கொஞ்சம் பால்ல போட்டுக் கொண்டுவந்திருந்தா, இந்த நேரத்துக்கு நல்லா ஒட்டியிருக்கும். வீட்ல பால் இல்லையா?"

அவருக்குக் கிண்ணம் கண்முன்னே வந்தது. பாதிப் பாக்கெட் வந்தது. பிரஷ் பிடித்த கைக்கும் அதற்கும் ஒரு முழத் தூரம்கூட இருந்திருக்காது. பேயறைந்த மாதிரி நின்றார்.

"திருப்பி வெச்சுக் கம்பி கட்டறேன். நிக்கும். ஆனா வேர் கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சுடும். சில வருஷம் தாங்கும், அப்புறம் விழுந்துடும். பொய் நம்பிக்கை கொடுக்க விரும்பல" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா உள்ளே போய்விட்டார். பளிச்சண்ணன் தன் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளுப்பு மருந்து வாசனை இன்னும் போகவில்லை.

கடைக்குத் திரும்பியதும் குட்டி நேராகக் கண்ணாடிக்கு ஓடினாள். கம்பிக்கு நடுவே பல் இருந்தது. வீங்கிய உதட்டோடு குழறிக் குழறிச் சொன்னாள்.

"அப்பா, இந்தப் பல்லுதாம்ப்பா எல்லாத்தையும்விட வெள்ளையா இருக்கு!"

"இருக்காதா பின்ன? கழுவினது யாரு?" என்றாள் அம்மா. அழுது சிவந்த கண்ணோடு முதல்முறையாகச் சிரித்தாள். "நான் பாட்டுக்கு உட்கார்ந்து அழுதேன். நல்லவேளை, நீங்க இருந்தீங்க."

பேசிக்கொண்டே குழாயடிக்குப் போய்ச் சட்டையைக் கிண்ணத்திலிருந்து தூக்கினாள். "பாருங்களேன், மை சுத்தமாப் போயிடுச்சு!"

பளிச்சண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் கழுவினதாலதான்டி பல்லு செத்துப்போச்சு" என்றார். "நெலைக்காதாம். சில வருஷத்துல விழுந்துடுமாம். கழுவாம, அதோ அந்தப் பால் பாக்கெட்ல போட்டுக் கொண்டுபோயிருந்தாலே பொழைச்சிருக்குமாம்."

அவள் பாக்கெட்டைப் பார்த்தாள். கண்ணாடிமுன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள். கையில் பிடித்திருந்த சட்டையிலிருந்து பால் சொட்டித் தரையெல்லாம் பரவியது. துடைக்கப் பளிச்சண்ணன் எழுந்திருக்கவில்லை.