கலப்படமற்ற வானம்

"என் படத்துல ஒரு சொட்டு கலர்கூட நான் போட்டது கெடையாது. அத்தினியும் ஆகாசம் போட்டது!"

புத்தூர் டீக்கடையில் ஆதிநாராயணன் இதைத் தமிழில் ஒரு தடவையும், ஐயத்துக்கு இடமில்லாதபடி தெலுங்கில் ஒரு தடவையும் பிரகடனம் செய்தார்.

நம்பித்தான் ஆகவேண்டும். ஸ்ரீசிட்டி தொழிற்சாலை ஒன்றில் பிசிறு தட்டிய பொருளைத் தூக்கி எறிவதுதான் பதினான்கு வருடமாக அவர் உத்தியோகம். விடுமுறை வந்தால், பைக்கில் மனைவி ஷோபா உட்காரவேண்டிய இடத்தில் டெலஸ்கோப்பைக் கட்டிக்கொண்டு பிச்சாட்டூர் ஏரிக்கரைக்குப் போவார். நெபுலா என்னும் விண்மேகங்களைப் படம் பிடிப்பார். லேப்டாப்பில் அவை சோகையாகத்தான் தெரியும். பள்ளித் தோழர் தணிகாசலத்தின் பிளெக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டாலோ, ரோஜாவும் கத்தரிப்பூவும் அள்ளிக் கொட்டும். குற்றம் லேப்டாப் திரையுடையது என்று தீர்ப்பெழுதிவிட்டார்.

திருப்பதிக் கல்லூரி ஒன்று அவர் படங்களைக் கண்காட்சிக்குக் கேட்டது. 'கலப்படமற்ற வானம்' என்ற தலைப்பு அவரே கொடுத்தது.

கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம், பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மஞ்சள் நீராட்டு விழா பேனர். பட்டுப்பாவாடைப் பெண்ணின் தலைக்குப் பின்னால் அவருடைய ஓரியன் நெபுலா! அதே ரோஜா நிறம், ஓரத்தில் அதே நாலு மினுக்கு.

நேரே கடைக்குள் புகுந்தார். "இன்னாடா தணிகா! என் நெபுலாவைத் திருடி சடங்கு பேனர்ல போட்டுக்கினு கீறியா?"

தணிகாசலம் நிமிரக்கூட இல்லை. திரையில் ஒரு மாப்பிள்ளையின் முகத்தை வெளுத்துக்கொண்டிருந்தார்.

"உன்னுது அதுல இல்ல ஆதி. அதுதான் உன்னுதுல கீது."

"இன்னாது?"

"நீ குடுத்தது வெத்தலைக் கறையத் தொவைச்ச துணியாட்டம் இருந்துச்சி. நாலு பேரு சிரிப்பாங்களேன்னு சடங்கு பேக்ரவுண்டைத் தூக்கி மேல போட்டேன். யார் மூஞ்சியா இருந்தாலும் கொஞ்சம் கலர் ஏத்திக் குடுக்கறதுதான நைனா தொழில் தர்மம்?"

"எத்தினி படத்துல?"

"எல்லாத்துலயும். மூணு வருசமா ஒரு தேங்க்ஸ் சொன்னியாடா நீ?"

ஆதிநாராயணன் ஸ்டூலில் உட்கார்ந்தார். மூன்று வருடம் பனியில் நனைந்து, கொசுவுக்கு ரத்ததானம் செய்தது அவர். படத்தைப் பார்த்துத் தொழிற்சாலை மேனேஜர் கைகுலுக்கியதெல்லாம் சடங்கு பேனருக்கு. துரோகம் செய்தவரோ இரண்டு டீ சொன்னார்.

"நான் எடுத்தது கீதா? காட்டு."

பழைய ஃபைலைத் திறந்து காட்டினார் தணிகாசலம். சாம்பலுக்கு நடுவே மங்கலாய் ஒரு சிவப்பு. ஆயிரத்து முந்நூறு வருடம் ஒளியாய்ப் பயணம் செய்து, அவரை நம்பி வந்த சிவப்பு.

"இத்தையே பிரிண்ட் போட்டுடட்டா? காலைல மாட்டணுமே."

ஆதிநாராயணன் வெகுநேரம் அதைப் பார்த்தார். தெருவில் யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மவுஸைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தள்ளிக்கோ. இடது பக்கம் ரோஜா பத்தல."