திரும்பாமலும் போகலாம்

கண்ணாடி அறையில் இருக்கும் நாற்காலிக்காகத்தான் நான் இங்கிலீஷ் படிக்கப் போனேன்.

பழவேற்காட்டில் நண்டு வாங்கும் கம்பெனி ஒன்றில் பல வருடமாக நண்டு உடைக்கிறேன். வேகவைத்து ஐஸில் போட்ட நண்டை உடைத்து, ஓடு கலக்காமல் சதையை எடுத்துத் தட்டில் அடுக்க வேண்டும். விரல் நுனியில் ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடையில் விரல் வைக்கும் மெஷின் என்னை ஏற்பதில்லை. கொட்டகையின் கோடியில் கண்ணாடி போட்ட அறை ஒன்று உண்டு. அங்கே உட்காருகிறவர் சரக்கைச் சரிபார்த்து, வெளியூர் வியாபாரிகளிடம் போனில் பேச வேண்டும். ஐஸில் கை வைக்க வேண்டியதில்லை. அந்த இடம் காலியானபோது, பொங்கலுக்குள் யார் இங்கிலீஷில் பேசப் பழகுகிறார்களோ அவர்களுக்கு என்றார் மேனேஜர். அது எனக்குத்தான் என்று நினைத்தேன். என் தட்டில் ஓட்டுத் துண்டு இருந்ததாக யாரும் சொன்னதில்லை. காற்று எந்தப் பக்கம், படகு எப்போது போனது, எப்போது வந்தது என்று தினமும் டைரி எழுதுகிறவள் நான். ஒழுங்கு எனக்குப் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தின் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் வகுப்பு. டீச்சர், கடலைவிட்டு உள்ளே தள்ளி நெல் பயிரிடும் ஊரிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற பெண். என்னோடு என் நாத்தனாரும் சேர்ந்துகொண்டாள். அவளும் அதே கொட்டகையில் நண்டு உடைப்பவள்தான்.

"நீ மட்டும் படிச்சிட்டு வந்து எங்கள மிரட்டலாம்னு பாக்கறியா அண்ணி? நானும் வரேன்" என்றாள்.

ஒரு ஞாயிறு விடியலில் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்கக் கரைக்குப் போயிருந்தேன். படகு என் கணவரின் அண்ணனுடையது. அவரும் என் கணவரும் இன்னும் இரண்டு பேரும் போவார்கள். பின்பக்கம் இன்ஜின் மாட்டும் இடத்துக்குக் கீழே பைபரில் ஒரு விரிசல் தெரிந்தது. அண்ணன் அதில் பசையைத் தடவிவிட்டு, காயும் முன்பே படகைத் தண்ணீரில் தள்ளச் சொன்னார். தூக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். புறப்படும் நேரத்தில் பெண்கள் பேசக் கூடாது.

அன்று மதியம் வகுப்பில் டீச்சர் போர்டில் எழுதி விளக்கினார். "நிச்சயமா தெரிஞ்சா வில் போடுங்க. நடக்கலாம், நடக்காமலும் போகலாம்னா மே. அதைவிடச் சந்தேகமா இருந்தா மைட். இப்படி இருந்தா அப்படி ஆகும்னு கற்பனையா சொல்றதுக்கு வுட்."

சந்தேகத்துக்குள் இத்தனை தரம் பிரித்து வைத்திருந்தது எனக்கு மிகவும் பிடித்தது. நண்டில் கால் சதை, உடம்புச் சதை என்று நாங்கள் பிரிப்பது போலத்தான் இருந்தது.

அவரவர் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்றார் டீச்சர். நாத்தனார் எழுந்து, "ரெயின் மே கம்" என்றாள். நான் எழுந்தேன். காலையில் பார்த்தது கண்ணிலேயே இருந்தது.

"தி போட் மே நாட் கம் பேக்."

டீச்சர் கை தட்டினார். ஒரு தப்புகூட இல்லை என்றார். அதைப் போர்டில் பெரிதாக எழுதி, படகு திரும்பாமலும் போகலாம் என்று தமிழிலும் அர்த்தம் சொல்லி, "எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க பார்ப்போம்" என்றார்.

ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் ஊரில் படகு கடலில் இருக்கும்போது வீட்டில் சட்டியைக்கூடக் கவிழ்த்து வைக்க மாட்டோம். எப்போது வருவாய் என்று கேட்டு அனுப்ப மாட்டோம். நெல்லு ஊர் டீச்சருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். இங்கிலீஷில் சொன்னால் கடலுக்கு எட்டாது என்று நினைத்துவிட்டேன்.

"இன்னாமே பேசற? வாய்ல அடிச்சிக்கோ!" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"இது வெறும் கிராமர்மா" என்றார் டீச்சர்.

"உன் கிராமரைக் கொண்டுபோய் உன் கழனில நட்டு வை. எங்க ஆளுங்க தண்ணி மேல கீறாங்க."

போர்டை அவளே வந்து முந்தானையால் துடைத்தாள். வகுப்பு அதோடு கலைந்தது.

அன்று படகு நல்லபடியாகத் திரும்பியது. மத்தி நிறைய. ஆனால் படகு வருவதற்கு முன்பே நாத்தனார் வீட்டில் சொல்லியிருந்தாள். மாமியார் வாசலில் நின்று என்னைப் பார்த்தார். "ஏன்டி, புள்ள திரும்பலன்னா இன்னா பண்ணலாம்னு இங்கிலீஷ்ல கணக்குப் போட்டுகினு இருக்கியா?" என்றார்.

அதன் பிறகு எது கெட்டாலும் அந்த வாக்கியத்தில்தான் வந்து நின்றது. வலை எதிலோ மாட்டிக் கிழிந்தது, நான் சொன்னதால். ஐஸ் சீக்கிரம் கரைந்தது, நான் சொன்னதால். நான் தெருவில் போனால் பிள்ளைகள் ஆடு மாதிரி "மே, மே" என்று கத்தினார்கள். மீன் ஏலம் எடுக்கும் பெண்கள் சிரித்தார்கள். என் கணவரும் ஒருமுறை சிரித்ததைப் பார்த்தேன்.

பிறகு கூடப் போகிற இரண்டு பேரும் படகில் ஏற மறுத்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் கோயில் வாசலில் கூடி என்னை அழைத்தார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு வரச் சொல்லியிருந்தார்கள். வாடைக் காற்றில் பல் கிட்டியது. ஊரே நின்று பார்த்தது.

"சூடம் அடிச்சி சத்தியம் பண்ணு. படகு மூழ்காதுனு சொல்லு. அவ்ளோதான்" என்றார் பெரியவர்.

"மூழ்கக் கூடாதுனு சொல்றேங்க" என்றேன்.

"அது நாங்களே சொல்லுவோம். நீ மூழ்காதுனு சொல்லு."

"அத எப்படிங்க நான் சொல்ல முடியும்? பின்னால விரிசல் இருக்குது. அதப் பாத்துட்டுத்தான் அன்னிக்கு அப்படிச் சொன்னேன். மாமாவக் கேளுங்க."

கணவரின் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "விரிசல் படகுல இல்லம்மா. உன் வாயிலதான் கீது. அதத்தான் இப்ப அடைக்கப் போறோம்."

கூட்டம் சிரித்தது. நான் கணவரைப் பார்த்தேன். விரிசலை அவரும் பார்த்திருந்தார். பசை தடவும்போது டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்ததே அவர்தான்.

"சொல்லித் தொலையேன்" என்றார். "வாய் இன்னா வலிக்குதா? ரெண்டு நாளா தொழில் இல்லாம குந்திகினு இருக்கறேன். பேஜாரா கீது."

எரிகிற சூடத்தின் மேல் கையை அடித்து, "படகு மூழ்காது" என்றேன். பலமாகச் சொல்லச் சொன்னார்கள். மறுபடி அடித்தேன். உள்ளங்கை கொப்பளித்தது. ஐஸில் வைத்தால் சரியாகிவிடும் என்று மாமியார் சொன்னார். மறுநாள் வேலைக்குப் போய் அப்படியே வைத்தேன்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் மீன் நன்றாகக் கிடைத்தது. சத்தியம் வேலை செய்கிறது என்று ஊரே பேசிக்கொண்டது. "இன்னொருவாட்டி சூடம் அடிக்கறியாம்மா? வஞ்சிரம் வரட்டும்" என்று கணவரின் அண்ணன் கிண்டல் செய்தார். விரிசலை யாரும் சரிசெய்யவில்லை. சரிசெய்ய வேண்டிய அவசியம்தான் தீர்ந்துவிட்டதே. மேனேஜர் இன்டர்வியூவுக்கு நாள் சொல்லிவிட்டார். சமைக்கும்போதும் துவைக்கும்போதும் பதில்களைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு முன் ஒரு நாள், முகத்துவாரத்துக்குள் திரும்பும்போது அலை ஒன்று படகின் பின்பக்கத்தில் அடித்தது. இன்ஜின் பலகையோடு பிய்ந்து விழுந்தது. தண்ணீர் ஏறிப் படகு கவிழ்ந்தது. நான்கு பேரும் நீந்தி மணல்திட்டில் ஏறினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. படகு போய்விட்டது.

அன்று வீட்டில் இரண்டு கட்சி இருந்தது. வகுப்பில் நான் சொன்னது பலித்துவிட்டது என்றார் மாமியார். சூடம் அடித்து நான் பொய் சொன்னதுதான் காரணம் என்றார் கணவரின் அண்ணன். இருவரும் என் முன்னாலேயே வெகுநேரம் வாதாடினார்கள். எது சரி என்று முடிவாகவில்லை. விரிசல் என்ற சொல்லை ஒருவரும் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். கணவர் எழுந்து வந்து கன்னத்தில் அறைந்தார்.

"இனிமே உனக்கு இங்கிலீஷும் வேணாம், ஒண்ணும் வேணாம். உஷாரா வாய மூடிகினு நண்ட ஒட."

இன்டர்வியூவுக்கு நாத்தனார் போனாள். என்னுடைய நல்ல புடவையைத்தான் கட்டிக்கொண்டு போனாள்.

"கோவமா அண்ணி? எனக்குக் கெடைச்சா இன்னா, உனக்குக் கெடைச்சா இன்னா, ஒரே ஊடுதானே" என்றாள்.

அவளுக்குக் கிடைத்தது.

கடன் வாங்கி வேறு படகு எடுத்தார்கள். அது புறப்படும்போது நான் வெளியே நிற்கக் கூடாது. மாமியார் என் அறைக் கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போடுவார். இன்ஜின் சத்தம் தேய்ந்த பிறகு திறந்துவிடுவார். நான் எழுந்து வேலைக்குப் போவேன்.

போன வாரம் கடல் கொந்தளிப்பாக இருந்தது. விடியலில் போன படகுகள் சாயங்காலம்வரை கரைக்கு வரவில்லை. எங்கள் படகும் அதில் ஒன்று. கண்ணாடி அறைக் கதவு திறந்திருந்தது. சரக்கு எப்போது வரும் என்று வியாபாரி யாரோ போனில் கேட்டிருக்க வேண்டும். நாற்காலியில் சாய்ந்துகொண்டு நாத்தனார் கொட்டகை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"சார், போட் மே நாட் கம் பேக் டுடே, சார்."

நான் தலையை நிமிர்த்தினேன். அன்று என்னை வாயில் அடித்துக்கொள்ளச் சொன்னவள் எனக்கு எதிரில் உட்கார்ந்து நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கை நிற்கவில்லை. மற்றவர்கள் கையும் நிற்கவில்லை. "எப்படிப் பேசுது பாரு பொண்ணு!" என்றாள் எதிரில் இருந்தவள், பெருமையாக.

நாத்தனார் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, நாளைக்கும் சரக்கு சந்தேகம்தான். அதுக்கு மே போடணுமா, மைட்டா?"

எனக்குத் தெரியும். தெரியாது என்றேன். தட்டில் மிச்சமிருந்த நண்டை எடுத்து உடைத்தேன்.