ஒன்றாம் சிலிண்டர்

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. காலை 5.10-க்கு எழுந்தேன். வாசலில் பால் பாக்கெட் இரண்டு. ஒன்று மூலையில் கசிந்திருந்தது. 5.40-க்கு இரத்த அழுத்த மாத்திரை. மொட்டைமாடியில் இருபத்திரண்டு சுற்று நடை. ஞாயிறு என்றாலும் மருந்துத் தொழிற்சாலைகளின் முதல் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றும் ஆட்டோக்கள் தெருமுனையில் நின்று நிரம்பிப் போய்க்கொண்டிருந்தன. 7.15-க்கு இட்லி, நான்கு. 7.50-க்குப் பழைய பேண்டை மாட்டிக்கொண்டு, வீட்டை ஒட்டிய காலியிடத்தில் நிற்கும் டிராக்டரிடம் போனேன்.

டிராக்டர் என் மனைவியுடையது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தெருவில் எல்லோரும் அது என்னுடையது என்றும், அவள் ஆசைக்கு ஓட்டிப் பார்க்கிறாள் என்றும் நினைக்கிறார்கள். எனக்கு டிராக்டர் ஓட்டத் தெரியாது. நாங்கள் குடியிருக்கும் பட்டான்செருவிலிருந்து பதினொரு கிலோமீட்டர் தள்ளிக் கரிசலில் ஒன்றரை ஏக்கர் வாங்கியது, பள்ளிக்கூட வேலையை விட்டது, எங்கள் கல்யாணத்தைவிட மூத்த ஒரு மூன்று சிலிண்டர் வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தது எல்லாம் அவள்தான். என்னுடையது ஆகஸ்டில் நான் சொன்ன ஒரு வாக்கியம் மட்டும்: “மெக்கானிக் வேண்டாம், எஞ்சினை நானே பிரித்துச் சரி செய்கிறேன்.”

வண்டி அப்போது புகை கக்கிக்கொண்டிருந்தது. டீசலுக்குச் சமமாக ஆயிலையும் குடித்தது. மெக்கானிக் நல்லவர்தான். ஆனால் கழற்றிய போல்ட்டுகளை எல்லாம் ஒரே பக்கெட்டில் போடுவார். அதை என் கண்ணால் பார்த்தேன். நான் இருபத்தாறு வருடங்களாக ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தர உறுதிப் பிரிவில் இருப்பவன். எங்களிடம் செய்த வேலை ஒவ்வொன்றையும் அப்போதே எழுத வேண்டும். கீழே இரண்டு கையெழுத்து: செய்தவர், சரிபார்த்தவர். தவறாக எழுதினால் அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, காரணமும் தேதியும் குறித்துக் கையெழுத்திட வேண்டும். இந்த ஒழுங்கை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். ஒரு பதிவேடு. நூற்று நாற்பத்தெட்டு சிறு பைகள், ஒவ்வொன்றிலும் எண் அச்சிட்ட சீட்டு. செய்தவர் நான். சரிபார்த்தவர் என் மனைவி. அவள் கையில் எப்போதும் நறுக்கவோ உரிக்கவோ ஏதாவது இருக்கும். அதைக் கீழே வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவாள்.

பன்னிரண்டு ஞாயிறுகள் இப்படிப் போயின. பிஸ்டன், ரிங், லைனர், பேரிங் எல்லாம் புதிது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை மட்டும் லேத் பட்டறைக்குக் கொடுத்து வாங்கினேன்.

இந்த ஞாயிறு மற்றவை போல அல்ல. அக்டோபர் மழை நின்றுவிட்டது. அவள் விதைக்க நினைத்திருந்த கொண்டைக்கடலைக்கு மேலே மழை தேவையில்லை. மண்ணுக்குள் தங்கிய ஈரம் போதும். அந்த ஈரம் இன்னும் நாலைந்து நாள்தான் நிற்கும். வாடகை டிராக்டர்காரர்கள் பெரிய நிலங்களை முடித்துவிட்டுத்தான் ஒன்றரை ஏக்கருக்கு வருவார்கள். முந்தின வாரம் சாப்பாட்டு மேசையில் அவள் சொன்னாள்: “ஞாயித்துக்கெழமைக்குள்ள வண்டி கெளம்பிருச்சுன்னா வெதைச்சுப்போடலாமுங்க. இல்லீன்னா இந்த வருசம் கடலை இல்ல.” பிறகு ரசம் ஊற்றினாள். விதை மூட்டை அன்றே வீட்டுக்குள் வந்துவிட்டது.

9.32-க்கு முதல் முயற்சி. அவள் இருக்கையில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் சுற்றியது, வெள்ளையாகப் புகைவிட்டது, இருமியது, நின்றது. நான் பதிவேட்டைத் திறந்தேன்.

“ஏனுங்க, என்ன எழுதறீங்க?” என்றாள் மேலிருந்து.

“முதல் முயற்சி. பலன் இல்லை.”

“அது எனக்கே தெரியுதுங்களே.”

டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கலாம் என்று அதை வெளியேற்றினேன். இரண்டாம் முயற்சி 10.05, மூன்றாம் முயற்சி 10.50. ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் உயிரோடு இருப்பதுபோல் இருமியது. மற்ற இரண்டும் அக்கறை காட்டவில்லை. பதினொரு மணிக்கு பாட்டரி களைத்துப்போனதால் காரின் பாட்டரியைக் கழற்றி வந்தேன்.

“எதாச்சு விட்டுப்போச்சுங்களா?”

“எதுவும் விடவில்லை. பதிவேடு முழுக்கச் சரியாக இருக்கிறது.”

“அப்ப எஞ்சின்தான் தப்புப் பண்ணுது. அதுகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக்குங்க.”

சாப்பாட்டுக்குப் பிறகு மகளைக் கூப்பிட்டேன். கல்லூரி மூன்றாம் ஆண்டு. இங்கேயே பிறந்து படித்ததால் தமிழில் கேட்டதற்குத் தெலுங்கில் பதில் சொல்லுவாள். வண்டிக்கான பழைய கையேட்டை அவள் கையில் கொடுத்து, முன்பே நான் செய்திருந்த டேப்பட் வேலையை மறுபடி பார்க்க அதன் படிகளை வாசிக்கவும், எந்த சிலிண்டரோ அதைத் தொட்டுக் காட்டவும் சொன்னேன். டேப்பட் என்பது வால்வுக்கு மேலே விடவேண்டிய மயிரிழை இடைவெளி. சிலிண்டரின் இரண்டு வால்வும் மூடியிருக்கும் நேரம் பார்த்து அதை அளக்க வேண்டும். எஞ்சினைக் கையால் சுற்றி, முன்னால் இருக்கும் குறி நேராக வந்தால் ஒன்றாம் சிலிண்டருக்கு அந்த நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

குறி வந்தது. “ஒன்றாம் சிலிண்டர்” என்று வாசித்தாள். அவள் விரல் மின்விசிறியை ஒட்டிய முன் சிலிண்டரைத் தொட்டது. அதே நொடியில் என் ஸ்பேனர் இருக்கையை ஒட்டிய பின் சிலிண்டரைத் தொட்டது.

மேலே உட்கார்ந்திருந்த என் மனைவிக்கு இரண்டும் தெரிந்தன. “ஆளுக்கொரு ஒண்ணாம் நெம்பர் வெச்சிருக்கீங்க போலிருக்குது,” என்றாள்.

“ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் இருப்பதுதான் ஒன்று,” என்றேன். “எண்ணுவது ஆளிடமிருந்து தொடங்க வேண்டும்.”

“முந்துன்னதே ஒகட்டி, அப்பா. புக்லயே உந்தி,” என்றாள் மகள். முன்னால் இருப்பதே ஒன்று, புத்தகத்திலேயே இருக்கிறதாம்.

“புத்தகத்தில் தவறு. நான் திருத்தியிருக்கிறேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. மகள் பக்கத்தைப் புரட்டினாள். எஞ்சின் படம். அச்சிட்ட 1, 3 இரண்டின் மேலும் ஒற்றைக் கோடு. பக்கத்தில் என் கையெழுத்தில் 3, 1. காரணம்: ‘ஓட்டுநர் பார்வைக்கு முரண்’. தேதி ஆகஸ்ட் 18, நேரம் 11.40. எஞ்சினைச் செய்த நிறுவனத்தின் படத்தை நான் ஒழுங்காகத் திருத்தி வைத்திருந்தேன். கீழே சரிபார்த்தவர் கையெழுத்தும் இருந்தது.

“மீரித்தரூ சைன் சேசாரு,” என்று நாங்கள் இரண்டு பேருமே கையெழுத்துப் போட்டதைச் சொல்லி ஒரே வீச்சில் மாட்டிவிட்டாள் மகள்.

“நான் எப்பங்க இதுல போட்டேன்?”

“ஆகஸ்ட் பதினெட்டு. பதினொன்று நாற்பது.”

“அவரைக்கா நறுக்கற நேரமுங்க அது.”

“சரிபார்த்தவர் என்று போட்டிருக்கிறாய்.”

“உங்க கோடு நேரா இருக்குதான்னு பாத்தேனுங்க. நேராத்தான் இருந்துச்சு.”

என் எண்களின்படி கழற்றி, என் எண்களின்படி மாட்டியவரை ஒரு குழப்பமும் இல்லை. எல்லாம் தன் தன் இடத்துக்கே போயிருந்தது. புத்தகத்தின் பேச்சைக் கேட்டுச் செய்த ஒரே வேலை டேப்பட். முன் சிலிண்டருக்கான குறியை வைத்துக்கொண்டு பின் சிலிண்டரை அளந்திருக்கிறேன். பின் சிலிண்டரின் குறிக்கு முன் சிலிண்டரை. திறந்திருந்த வால்வின் மேல் இடைவெளி விட்டால் அது பிறகு திறக்கவே திறக்காது. நடுவில் இருப்பதை எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் இரண்டுதான். காலையிலிருந்து இருமியது அது மட்டும்தான். பதிவேட்டைப் புரட்டினால் இன்னொன்றும் இருந்தது: ‘திருகை ஐந்து சுற்று தளர்த்த வேண்டியிருந்தது. பழைய மெக்கானிக்கின் அலட்சியம்.’ அதை நான் சத்தமாக வாசிக்கவில்லை. மகள் வாசித்தாள்.

திருத்தத்தைத் திருத்துவதற்குப் பேனாவை எடுத்தேன்.

“மொதல்ல வண்டிங்க,” என்றாள் என் மனைவி. “பேனா எங்கயும் போயிராது.”

2.15-க்குத் தொடங்கினேன். மகள் வாசித்தாள், அவள் தொட்ட இடத்தை நான் தொட்டேன். நான் அளந்ததை என் மனைவி கீழே இறங்கி வந்து, அளவுத் தகட்டைத் தானே இடைவெளியில் நுழைத்துப் பார்த்தாள். ஒன்றில் “கொஞ்சம் இறுக்கமா வருதுங்க” என்றாள். இறுக்கமாகத்தான் இருந்தது. பதின்மூன்று ஞாயிறுகளில் அவள் உண்மையில் சரிபார்த்தது அன்றுதான். அதுவரை நான் கேட்டதும் கையெழுத்தை மட்டும்தான்.

3.48-க்கு மறுபடி சாவியைத் திருப்பினாள். இருமல். இன்னொரு இருமல். பிறகு மூன்றும் ஒன்று சேர்ந்து பிடித்துக்கொண்டன. எதிர்வீட்டுப் பால்கனியில் காய்ந்த துணிகளை அவசரமாக உள்ளே எடுத்தார்கள். புகை முதலில் வெள்ளை, பிறகு சாம்பல், பிறகு கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் ஆக்சிலேட்டரைக் காலால் மெதுவாக அழுத்தியும் விட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் ஏதோ சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. இரண்டாம் முறை சொல்லச் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டிச் சிரித்தாள். என்ன சொன்னாள் என்று எழுத முடியாததால் பதிவேட்டில் அந்த இடம் காலி.

இருபது நிமிடம் ஓடவிட்டோம். ஆறியதும் ஹெட் போல்ட்டுகளை மறுபடி முறுக்கினேன். ஆயில் கசிவு ஓரிடத்தில் மட்டும், துணியால் துடைக்கும் அளவு. சாயங்காலம் அவள் விதைக்கலப்பையைப் பூட்டினாள். 9.30-க்குத் தூங்கப் போனோம்.

மறுநாள் திங்கட்கிழமை முதலில் செய்தது, இடது முன் டயருக்குக் காற்று அடித்தது. மூன்று மாதமாக எல்லோரும் எஞ்சினையே பார்த்ததில், வண்டி ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. காருக்கு வைத்திருக்கும் சிறிய பம்பு அது. டிராக்டர் டயரை நிரப்ப முப்பத்தைந்து நிமிடம் பிடித்தது. அவ்வளவு நேரமும் அவள் விதை மூட்டையோடு மேலே உட்கார்ந்து, எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தாள்.