குன்றத்தூர் வரை தள்ளாமல்

நோட்டீஸில் கையெழுத்துப் போட்டவர் என் கணவர். பெருங்களத்தூரில் நாங்கள் குடியிருக்கும் அபார்ட்மெண்டுக்குச் சங்கச் செயலாளர் அவர்தான். ஓடாத வண்டிகளை ஆயுத பூஜைக்கு அடுத்த ஞாயிறுக்குள் பார்க்கிங்கிலிருந்து எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் சங்கமே காயலான் கடையில் பழைய இரும்புக்குப் போட்டுவிடும் என்று எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்தார். கீழே மூன்று வண்டி நம்பர்கள். மூன்றாவது என்னுடையது.

ரயிலுக்கு ஓடும் அவசரத்தில்தான் அதைப் படித்தேன். திரும்ப மேலே போய்ச் சண்டை போட நேரமில்லாததால் ரயிலில் உட்கார்ந்து போனில் போட்டேன்.

"ஊருக்கு மட்டும் உபதேசம் சொல்ல முடியாதும்மா. மத்த ரெண்டு பேரும் முதல்ல உன் வண்டியைத்தானே கை காட்டுவாங்க" என்றார். நியாயம்தான். அவர் பேசும் நியாயம்தான் எனக்கு எப்போதும் கோபத்தைக் கிளப்பும்.

அந்த வண்டியை நான் வாங்கியது மே மாதத்தில். நாற்பத்தாறு வயதில் எதற்கு பைக் என்று கேட்காத ஆள் கிடையாது. எனக்குக் கல்லூரி நாளிலிருந்து கியர் வண்டி ஓட்ட ஆசை. அப்போது வீட்டில் இருந்த வண்டி அண்ணனுக்கு. எனக்கு அதைத் துடைக்கும் உரிமை மட்டும் உண்டு. கல்யாணத்துக்கு அப்புறம் இருபது வருஷம் ஸ்கூட்டர். போதும் என்று தோன்றிய ஒரு நாளில், சேலையூரில் ஒரு வீட்டு முருங்கை மரத்தடியில் நின்ற பதினெட்டு வயது நூறு சிசி வண்டியைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே பேசி முடித்து, குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வண்டியில் புதுப்பித்திருந்தது ஆர்.சி. ஒன்றுதான். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது.

மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாம். ஆனால் நானே செய்வேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், சொன்னது என் கணவரிடம். அதற்கப்புறம் பின்வாங்குவது என் ரத்தத்தில் கிடையாது.

தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. முதல் தடவை போனபோது கடைக்கார பாய், "இன்னா மேடம், சாருக்கு வண்டியா?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். "அப்டீன்னா பழச கயட்டி எட்த்துகினு வாங்க. பேர் சொல்லி கேட்டா நா குடுக்கமாட்டேன், அப்பால மாத்திக் குடுன்னு வந்து நிப்பீங்க" என்றார். அன்றிலிருந்து கைப்பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் எண்ணெய் பிசுக்குள்ள ஏதாவது ஒன்று பொட்டலமாக இருக்கும். ஆபீஸ் முடிந்து தாம்பரத்தில் இறங்கி அதைக் கடை மேஜையில் வைப்பேன். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, புதுசை எடுத்துப் போடுவார்.

கார்பரேட்டரைக் கழற்றியபோது ஒவ்வொரு ஸ்க்ரூவையும் பழைய அஞ்சறைப் பெட்டியின் ஒவ்வொரு கிண்ணத்தில் போட்டேன். கடுகு கிண்ணத்தில் ஜெட், சீரகத்தில் வாஷர். மூன்று ஞாயிற்றுக்கிழமை கழற்றிக் கழற்றி மாட்டினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்க்ரூ மிச்சமானது, நாலாவது தடவைதான் எல்லாம் சரியாகப் போய் உட்கார்ந்தது. அந்தக் காலி அஞ்சறைப் பெட்டியைப் பார்த்து நான் பட்ட சந்தோஷம், பிரமோஷன் ஆர்டரைப் பார்த்துக்கூடப் பட்டதில்லை.

தப்பும் செய்தேன். எதையும் இறுக்கினால் நல்லது என்று நினைக்கும் ரகம் நான். இன்ஜின் ஆயிலை மாற்றிவிட்டு அடி போல்ட்டை இறுக்கின இறுக்கில் மரை போய்விட்டது. லேத் பட்டறையில் சரிசெய்யும்வரை பார்க்கிங் தரையில் எண்ணெய் சொட்டியது. கீழ் வீட்டு ரிடயர்டு சார் அதில் வழுக்கப் பார்த்தார், புகார் எழுதிக் கொடுத்தார். நோட்டீஸ் பிறந்த கதை அதுதான்.

"ஓடுற வண்டின்னு எப்படி நிரூபிக்கணும்?" என்று நோட்டீஸைப் படித்த அன்று மாலை அவரைக் கேட்டேன்.

"ஸ்டார்ட் ஆனா மட்டும் போதாது" என்றார். கொஞ்சம் யோசித்தார். "குன்றத்தூர் கோயிலுக்குப் போயிட்டு வரணும். நான் பின்னாடி உக்காந்து வர்றேன். நடுவுல தள்ளக் கூடாது. ஒரு தடவை தள்ளினாலும் காயலான் கடைதான்."

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் வண்டி ஸ்டார்ட் ஆனது. பதினோராவது உதையில். நான் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. தெருவை இரண்டு சுற்று சுற்றினேன். பூஜை அன்று கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தேன். மற்ற வண்டிகளுக்கு ஒரு பொட்டு என்றால் என் வண்டிக்கு ஏழெட்டு. பெட்ரோல் டேங்க் மூடியில் மட்டும் ஒரு ரூபாய் அளவுக்குச் சந்தனத்தை அப்பினேன். அழகாகத்தான் இருந்தது.

ஞாயிறு காலை கிளம்பினோம். ஹெல்மெட் போட்டுக்கொண்டு அவர் பின்னால் உட்கார்ந்தார். முதலில் என் தோளைப் பிடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முடிச்சூர் ரோட்டில் மூன்றாவது கியர், நாலாவது கியர். எதிர்க்காற்றில் மனசு பறந்தது. அவுட்டர் ரிங் ரோட்டைத் தொட்டுக் கொஞ்ச தூரம் போனதும் இன்ஜின் திக்கியது, இருமியது, நின்றது.

ஓரம் கட்டினேன். பெட்ரோல் பாதி டேங்க் இருந்தது. குழாய் திறந்துதான் இருந்தது. ஐந்து நிமிஷம் விட்டு உதைத்தேன், ஸ்டார்ட் ஆனது. அரை கிலோமீட்டர் போயிருக்க மாட்டோம், மறுபடி நின்றது.

அவர் இறங்கி நின்றார். கிண்டல் செய்திருந்தால் தாங்கியிருப்பேன். அவரோ போனை எடுத்து, குட்டி யானைக்காரர் நம்பரைத் தேட ஆரம்பித்தார். அப்போது பைக்கில் போன ஒருவர் நிறுத்தினார்.

"இன்னாண்ணா, நின்னுபோச்சா? நீங்க ஏறி உக்காருங்க, நா கால் வெச்சி தள்ளிகினு வரேன். மெக்கானிக் கடை கிட்டத்லதான் கீது" என்றார் என் கணவரிடம்.

"வண்டி அவங்களோடது. அவங்களைக் கேளுங்க" என்றார் இவர்.

நல்ல மனுஷர், உதவத்தான் வந்தார். ஆனால் அவர் காலை வைத்தால் என் வண்டி காயலான் கடைக்குப் போய்விடும். "ரொம்ப தேங்க்ஸ்ணா, நானே பாத்துக்கறேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். கணவரிடம் பத்து நிமிஷம் கேட்டேன்.

வண்டி நின்றால் ஒன்று பொறி இல்லை, அல்லது பெட்ரோல் வரவில்லை. பிளக்கைக் கழற்றி உதைத்துப் பார்த்தேன், நீலமாகப் பொறி அடித்தது. கார்பரேட்டருக்குப் போகும் ட்யூபை உருவினேன். நாலு சொட்டு விழுந்தது, அதோடு சரி. பாதி டேங்க் பெட்ரோல் இருக்கிறது, குழாய் திறந்திருக்கிறது, ஆனால் இறங்க மாட்டேன் என்கிறது. உள்ளே ஏதாவது குப்பையா என்று பார்க்க டேங்க் மூடியைத் திறந்தேன்.

ஸ்ஸ் என்று காற்றை உள்ளே இழுத்தது டேங்க். கையிலிருந்த ட்யூபில் பெட்ரோல் கொட்டத் தொடங்கி என் செருப்பை நனைத்தது.

மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேலே காய்ந்துபோன சந்தனம். நகத்தால் சுரண்டினால், அடியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு ஓட்டை, அதற்குள்ளும் சந்தனம். பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த ஓட்டை வழியாகத்தான் டேங்குக்குள் காற்று போக வேண்டும். நான் பக்தியோடு அதை அடைத்துவிட்டிருந்தேன். பதினெட்டு வருஷப் பழுதையெல்லாம் சரிசெய்துவிட்டு, கடைசிப் பழுதை நானே பொட்டு வைத்து உண்டாக்கியிருக்கிறேன்.

துப்பட்டாவிலிருந்து ஊக்கைக் கழற்றினேன். ஓட்டையைக் குத்தித் துடைத்தேன், வாயை வைத்து ஊதினேன், காற்று அந்தப் பக்கம் போனது. ட்யூபை மாட்டி, பிளக்கை மாட்டி உதைத்தேன். முதல் உதையிலேயே பிடித்தது. அந்த ரோட்டோரத்தில், பெட்ரோல் நாற்றமடிக்கும் கையோடு, என்னைவிடக் கெட்டிக்காரி இந்தத் தாம்பரம் தாலுகாவிலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"தள்ளலை" என்றேன்.

"ம். தள்ளலை" என்றார். போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். இந்தத் தடவை என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

குன்றத்தூர் வரை வண்டி எங்கேயும் மூச்சு வாங்கவில்லை. மலையடிவாரத்தில் வண்டி பூஜைக்கு நிறுத்தினோம். குருக்கள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். ஹெட்லைட்டில் ஒரு பொட்டு வைத்தார், அடுத்து டேங்க் பக்கம் கையைக் கொண்டுபோனார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தார்.

"சாமி, இங்க மட்டும் வேணாம். காத்து போற ஓட்டை இருக்கு, அடைச்சுக்கும்" என்றார், ஏதோ பிறந்ததிலிருந்தே தெரிந்தவர் மாதிரி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வீடு திரும்பியதும் அவர் நேராக லிஃப்ட் பக்கம் போனார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூன்றாவது நம்பரை அடித்து, பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: "வண்டி ஓடுகிறது. நேரில் பார்த்தேன்." மறுவாரம் அந்த நோட்டீஸைக் கிழிக்கப் போன என் கணவரிடமிருந்து அதை வாங்கிக்கொண்டேன். ஆர்.சி.யோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.