கட்டிலில் உட்கார்ந்து அழுத மாணவி

அறுபதுகளில் கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டிருந்தேன். குழந்தை இறந்து பிறந்த ஒரு தாய் இரண்டு நாளாகக் கஞ்சியைத் தொடவில்லை. சிதம்பரத்திலிருந்து நர்ஸ் படிப்புக்கு வந்திருந்த மாணவி ஒருத்தி அவள் கட்டிலில் உட்கார்ந்து கூடவே அழுதாள். அழுகை ஓய்ந்ததும் அந்தத் தாய் அரை டம்ளர் கஞ்சி குடித்தாள்.

தலைமை நர்ஸ் பார்த்துவிட்டார். “யூனிபார்ம் போட்டுக்கினு கட்டில்ல குந்தி ஒப்பாரியா? போ, பேண்டேஜ் சுத்து!”

மாணவி மூன்று நாள் ஸ்டோர் அறையில் துவைத்த பேண்டேஜ்களைச் சுருட்டினாள். தாய் மறுபடியும் கஞ்சியை ஒதுக்கினாள். “அந்தப் பொண்ணு எங்கண்ணே?” என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். தலைமை நர்ஸிடம் சொல்லத்தான் போனேன்.

“என்னப்பா?”

“ஒண்ணுமில்லீங்க.”

திரும்பி வந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கு எரிச்சல் வருகிறது.

நான்காம் நாள் மாணவியை வார்டுக்கு அனுப்பினார்கள். கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி நின்று, முகத்தை இறுக்கிக்கொண்டு டம்ளரை நீட்டினாள்.

“எம்மேல கோவமாம்மா?” என்று கேட்டாள் தாய்.

“குடிங்க.”

தாய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“இப்பதான் நர்ஸ் மாதிரி இருக்குற” என்று மாணவியை மெச்சினார் தலைமை நர்ஸ். ஆறிய கஞ்சியை நான்தான் வாளியில் கொட்டினேன்.