வாயை மட்டும் அசைக்கும் சீட்டு

என் பேத்தி சொந்தமாக ஒரு சீட்டு விளையாட்டுச் செய்திருக்கிறாள். இன்று பூசை முடிந்ததும் எங்கள் பாடகர் குழாம் அதைக் மாதா கோவில் விறாந்தையில் விளையாடிப் பார்த்தது.

ஆளுக்கு ஒரு சீட்டு. "பாடு" என்று வந்தவர்கள் சேர்ந்து பாட வேண்டும். ஒருவருக்கு மட்டும் "வாயை அசை" என்று வரும். அவர் பாடுவதுபோல நடிக்க, மற்றவர்கள் அவரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

எனக்கு அந்தச் சீட்டு மூன்று தரம் வந்தது. ஒருதரமும் பிடிபடவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

"அம்மா, இதை எங்கை பழகினீங்கள்?" என்று எங்களுக்குப் பாட்டுப் பழக்கும் சிஸ்டர் கேட்டார்.

பேத்தி முந்திவிட்டாள். "அம்மம்மா பூசையிலை பாடுறதைப் பாத்துத்தான் எனக்கு இந்த யோசினையே வந்தது, சிஸ்டர்."

பல வருடமாக என் பக்கத்தில் நின்று பாடும் றோசா திரும்பிப் பார்த்தாள். "அதுதானே, அக்கான்ரை குரல் எனக்கு ஒருநாளும் கேட்கேல்லை."

எழும்பிப் போகலாம் என்றால் என் செருப்பு சிஸ்டரின் கதிரைக்குக் கீழே கிடந்தது.

"அப்ப வாற ஞாயிறு நீங்கள் தனியப் பாடுங்கோ," என்றார் சிஸ்டர்.

புதுப்பாட்டுத் தாளில் நான் முதல் வரியை வாசித்து முடிக்க முன்னம் மற்றவர்கள் மூன்றாம் வரிக்குப் போய்விடுகிறார்கள். வாயை அசைக்காமல் நான் வேறு என்ன செய்வது?

உங்கள் குழாமிலும் வாயை மட்டும் அசைப்பவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குத் துணைக்கு ஆள் வேண்டும்.