கடைசிக்கு வைத்த கை

நிசாந்தன் பேஸ்போல் கோச் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, "கிரிக்கெட்தானே?" என்றுதான். இல்லை என்றால், "ஓ, அந்த அடிச்சுப்போட்டு ஓடுறது" என்பார்கள். அதற்குமேல் ஒருவரும் கேட்பதில்லை. அவனும் விளக்கம் சொல்வதை எப்போதோ விட்டுவிட்டான்.

நாங்கள் இருவரும் பஸ் கராஜில் வேலை செய்கிறோம். அவன் பிரேக் திருத்துகிறவன். நான் யன்னலுக்குப் பின்னால் இருந்து சாமான் எடுத்துக் கொடுக்கிறவன். அவனுடைய தாய் தகப்பன் மன்னார் ஆட்கள். மூன்று வயதில் அவனைத் தூக்கிக்கொண்டு ரொறன்ரோவுக்கு வந்து, இன்றுவரை மோர்னிங்சைட்டை விட்டு அசையவில்லை. பள்ளிக்கூடத்தில் முகமூடி போட்டுக்கொண்டு குந்தியிருந்து பந்து பிடிக்கிற வேலைக்கு ஒருவரும் வராதபடியால் இவனைப் பிடித்து இருத்தினார்களாம். பக்கத்தில் இருந்த கல்லூரிக்கு ஆடி, படிப்பு முடிந்தும் போகாமல் நின்று, கடைசியில் அந்த ரீமுக்கே கோச் ஆகிவிட்டான். சம்பளம் என்று சொல்ல வெட்கப்படும் அளவுக்கு ஏதோ கொடுத்தார்கள். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம்.

அந்த ரீம் தோற்கிற ரீம். கல்லூரி பேஸ்போல் இங்கே இலையுதிர் காலத்தில்தான் நடக்கும். செப்டெம்பரில் ரீசேட்டோடு தொடங்கி ஒக்டோபரில் தொப்பியும் கையுறையுமாக முடிப்பார்கள். எங்கள் பெடியளின் வெல்லுகிற கனவு செப்டெம்பர் பாதியிலேயே முடிந்துவிடும். புள்ளி எழுத ஆள் இல்லை என்று என்னைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போன நாளிலிருந்து நானும் வாராவாரம் அந்தக் குளிருக்குள் இருந்து மற்றவர்களின் ஓட்டங்களை எழுதிக்கொண்டிருந்தேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நிசாந்தன் பிரேக் பெட்டியின் மட்டையைக் கிழித்து, அதில் துடுப்பெடுக்கும் வரிசையை எழுதுவான். பொறுமையாக நின்று கள்ளப் பந்துகளை விட்டுவிடுகிறவன் முதலில். தூக்கி அடிக்கிறவன் நாலாவது. ஒன்றுக்கும் உதவாதவன் ஒன்பதாவது. தோற்றால் அடுத்த கிழமை முதலாவதை ஐந்தாவதாக்குவான், ஐந்தாவதை இரண்டாவதாக்குவான். "ஒரே பருப்பைத்தானே இப்பிடியும் அப்பிடியும் கடையிறாய்" என்று நான் சொன்னால், தலையை நிமிர்த்தாமல், "வேறை பருப்பு இல்லை, அண்ணை" என்பான்.

வரிசையை எத்தனை தரம் மாற்றினாலும் பந்தெறிகிறவர்களின் வேலையை மட்டும் மாற்ற மாட்டான். ஆட்டத்தைத் தொடங்கி எறிய ஒருவன். நடுவில் இழுத்துக்கொண்டு போக இரண்டு பேர். நாங்கள் முன்னுக்கு நின்றால், ஏழாவதான கடைசி இன்னிங்ஸில் வந்து எதிராளியை மடக்கி ஆட்டத்தை முடித்து வைக்க ஒருவன். அந்த முடித்து வைக்கிறவனுக்குக் குளோசர் என்று பெயர். அந்த வேலை சஞ்சீவனுடையது. இரண்டாம் வருடம் படிக்கிற பெடியன், இன்னும் ஒரு வருடம் மிச்சம். தாய் தகப்பன் மட்டக்களப்பு. நெட்டையன். ரீமிலேயே வேகமான கை, ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான் அந்த வேகம் நிற்கும். குளோசருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

எல்லாம் சரி. ஆனால் முன்னுக்கு நின்றால்தானே முடித்து வைக்க ஆள் வேண்டும்? தோற்கிற ஆட்டத்தில் அந்தக் கையை வீணாக்கக் கூடாது என்று நிசாந்தன் அவனை மைதானத்தில் இறக்காமல் ஓரத்து வாங்கிலேயே இருத்தி வைத்திருந்தான். அந்த வருடம் வென்றது ஒரேயொரு ஆட்டம். அதிலும் எதிராளி எங்களைவிட மோசம். கடைசியில் யார் எறிந்தாலும் வென்றிருப்போம் என்பதால் அப்போதும் இவனை இறக்கவில்லை. எனக்கு விசர் வரும்.

நிசாந்தனின் தாய் றோசலின் அன்ரியின் வீட்டில், கண்ணாடி அலுமாரிக்குள் பொன்கரை போட்ட டின்னர் செற் ஒன்று இருக்கிறது. விருந்தாளிக்கென்று வைத்தது. நானும் எத்தனையோ தரம் அங்கே விருந்தாளியாகப் போயிருக்கிறேன். எனக்குக் கிடைத்தது பேப்பர் பிளேற். அன்ரி இன்னும் பெரிய விருந்தாளி யாரையோ பார்த்துக்கொண்டிருக்கிறார். "நீ றோசலின் அன்ரி பெத்த பிள்ளைதான்ரா" என்று ஒருநாள் நிசாந்தனுக்குச் சொன்னேன். அவனுக்கு விளங்கியது. சிரிக்கவில்லை.

சஞ்சீவனின் தாய் கோணேஸ்வரியை நான் அறிந்தது மைதானத்தில்தான். வோபர்னில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வருவார், ஆனால் முடியப் போகிற நேரத்தில்தான் வருவார். "நான் கடைசியிலதான் எறிவன், அம்மா" என்று மகன் சொல்லியிருந்தபடியால், மேலாளரிடம் கேட்டு வேலையின் கடைசி ஒரு மணித்தியாலத்தை மட்டும் விட்டுவிட்டு, பஸ் பிடித்து வருவார். வந்து பலகையில் புள்ளியைப் பார்ப்பார். நாங்கள் பின்னுக்கு நிற்போம். மகன் வாங்கில் இருப்பான். ஆட்டம் முடிந்ததும் பொரித்துக் கொண்டுவந்த ரோல்ஸைப் பெடியளுக்குக் கொடுத்துவிட்டு மகனோடு வீட்டுக்குப் போவார். மகன் எறிந்து அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஒருநாளும் குறை சொன்னதுமில்லை.

கடைசி ஆட்டத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை நிசாந்தன் என்னுடைய யன்னலுக்கு வந்து பிரேக் பாட் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். போகாமல் நின்றான்.

"அண்ணை, ரீமை மூடுகினமாம்."

"என்ன?"

"விளையாட்டுப் பகுதிக்குப் பொறுப்பானவ கூப்பிட்டுச் சொன்னா. அடுத்த வருசம் ரீம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மச் முடியும்வரைக்கும் பெடியளுக்குச் சொல்லக் கூடாதாம். நானும் ஓம் எண்டிட்டன்."

"ஏன் ஓம் எண்டனி? சண்டை பிடிக்கிறதுதானே?"

"ஒண்டும் வரேல்லை, அண்ணை. கோவம் வரும் எண்டு பாத்தன், வரேல்லை. கவலையும் வரேல்லை. மரத்துப்போய்க் கிடக்கு." பாட் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பின் சில்லுக்கு. நான் கேட்டது முன் சில்லுக்கு" என்றான்.

அவனுக்குமாகச் சேர்த்து நான் கோபப்பட்டேன். மாற்றிக் கொடுத்த பெட்டியை யன்னலில் ஓங்கி வைத்தேன். அதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிப் பக்கமிருந்து காற்று அடித்தது. மைதானத்தில் பார்க்க வந்தவர்களைவிடக் கடற்பறவைகள் அதிகம். நிசாந்தன் பெடியளைக் கூட்டி வரிசையை வாசித்தான். வழக்கமான குரல், வழக்கமான வேகம். கடைசியில், தொடங்கி எறிகிறவனின் பெயராக, "பிற்சர், சஞ்சீவன்" என்றான்.

பெடியள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சஞ்சீவன் எழும்பி வந்தான்.

"கோச், ஐ ஆம் த குளோசர். ஏன் நான் முதல்ல?"

"இண்டைக்கு மாத்திப் பாப்பம்."

"பட் வை டுடே?"

"சும்மாதான். போய்க் கையைச் சூடாக்கு."

ஏன் என்று அவனால் சொல்ல முடியாது. கடைசி இன்னிங்ஸில் நாங்கள் முன்னுக்கு நிற்கப் போவதில்லை, இந்தப் பெடியனுக்கு இனி ஒரு ஆட்டமும் இல்லை, ஒரு தரமாவது எறிந்துவிட்டுப் போகட்டும். அதுதான் அவனுடைய கணக்கு. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சஞ்சீவன் தாய்க்குச் செய்தி அனுப்பினான். வேலை நேரத்தில் கோணேஸ்வரியின் போன் லொக்கருக்குள் இருக்கும், பஸ் பிடிக்கிற அவசரத்தில் எடுத்தும் பார்க்க மாட்டார்.

சஞ்சீவன் எறிந்தான். இரண்டு வருடம் வாங்கில் இருந்ததெல்லாம் கையால் வெளியே வந்தது. முதல் மூன்று இன்னிங்ஸிலும் எதிராளிக்கு ஓட்டமே இல்லை. பந்து பிடிக்கிறவனின் கையுறையில் விழுகிற சத்தம் நான் இருந்த மேசைவரை கேட்டது. நான் எழும்பி நின்று கத்தினேன், வெட்கமில்லாமல். நிசாந்தன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நாலாவது இன்னிங்ஸில் பெடியனின் கை தளர்ந்தது. நிசாந்தன் போய்ப் பந்தை வாங்கினான். வெளியே வந்தவன் திரும்ப இறங்கக் கூடாது என்பது சட்டம். சஞ்சீவன் தோளில் ஐஸ் பையைக் கட்டி, அதற்குமேல் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வாங்கில் போய் இருந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஒருவரும் எதிர்பாராதது. ஐந்தாவதிலும் ஆறாவதிலும் எதிராளி ஒவ்வொன்றாக இரண்டு ஓட்டம் எடுக்க, எங்கள் பெடியள் மொத்தம் மூன்று எடுத்தார்கள். ஏழாவது இன்னிங்ஸுக்கு எதிராளி துடுப்பெடுக்க வந்தபோது நாங்கள் ஒரு ஓட்டத்தால் முன்னுக்கு நின்றோம். நான் எழுதியதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிழையில்லை.

கோணேஸ்வரி அப்போதுதான் வந்தார். வேலை உடுப்புக்கு மேல் பெரிய ஜக்கெற், கையில் ரோல்ஸ் பெட்டி. பலகையைப் பார்த்தார். ஒரு கணம் நின்று, திரும்பவும் பார்த்தார். பிறகு என் மேசைப் பக்கம் வராமல், ஓட்டமும் நடையுமாக வாங்குக்குப் பின்னால் இருந்த கம்பி வேலிக்குப் போனார். நானும் எழுதுவதை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போனேன்.

"கோச் தம்பி!" மூச்சு வாங்கியது அவருக்கு. "முன்னுக்கு நிக்கிறம் என்ன? இப்ப என்ட மகனை விடுவீங்கதானே?"

நிசாந்தன் திரும்பினான். வாங்கின் தூர முனையில் இருந்த சஞ்சீவன் தாயைப் பார்த்துவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

"இல்லை, அக்கா. இண்டைக்கு அவனை முதல்லயே எறிய விட்டனான். எறிஞ்சு முடிஞ்சுது."

"முதல்லயோ?"

"ஓம். நல்லா எறிஞ்சவன்."

அவர் ரோல்ஸ் பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினார். முகத்தில் வந்ததை என்னால் பார்க்க முடியவில்லை, நான் பலகையைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவரே அதைச் சரி செய்துகொண்டார்.

"அது பரவாயில்ல தம்பி. நல்லா எறிஞ்சானெண்டாச் சந்தோசம்தான். அடுத்த வருசம் நான் லீவு போட்டுட்டு முதல்ல இருந்தே வாறன்."

மைதானத்தில் எறிய ஆளை அனுப்பச் சொல்லி நடுவர் கத்தினார்.

"ஓம், அக்கா. வாங்கோ" என்றான் நிசாந்தன்.

டைலர் என்ற பெடியனைத்தான் இறக்கினான். வழமையாக நடுவில் இழுத்துக்கொண்டு போகிறவன். கள்ளப் பந்துகளாக எறிந்து இரண்டு பேரை அடிக்காமலே முதல் தளத்துக்கு நடக்க விட்டான். பிறகு எப்படியோ ஒருவனை வெறுங்கையோடு அனுப்பி, ஒரு பந்து நேரே கையுறைக்குள் வந்து விழுந்து, கடைசிப் பந்து உயரமாக எழும்பி, அதையும் யாரோ பிடித்தார்கள். வென்றுவிட்டோம். பெடியள் கோப்பை எடுத்தவர்கள் மாதிரி ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். சஞ்சீவனையும் இழுத்துக்கொண்டு போனார்கள். ஐஸ் பை எங்கேயோ பறந்தது. கோணேஸ்வரி பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கை தட்டினார்.

நிசாந்தன் பந்துகளைப் பொறுக்கி வாளிக்குள் போட்டான். எல்லாம் பொறுக்கி முடிந்ததும் வாளியை வைத்துவிட்டு, பெடியளை வலது பக்கத்து மூலைக்குக் கூப்பிட்டான். அவர்கள் சிரித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் பேசத் தொடங்கினான். என்ன சொன்னான் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. கையை ஆட்டவில்லை, நீட்டிப் பேசவுமில்லை. வரிசை வாசிக்கிற மாதிரியேதான் நின்றான்.

தள்ளுமுள்ளு நின்றது. ஒருவன் தொப்பியைக் கழற்றினான். சஞ்சீவன் திரும்பி, தூரத்தில் நின்ற தாயைப் பார்த்தான்.

"வெண்டதுதானே, அண்ணன்?" கோணேஸ்வரி என்னைக் கேட்டார். "பிறகேன் எல்லாரும் பேசாம நிக்கிறாங்க?"

"குளிராக்கும், அக்கா" என்றேன்.

"பாவம் பிள்ளையள்" என்று சொல்லிவிட்டு, ரோல்ஸ் பெட்டியைத் திறந்து, மேலே போட்டிருந்த பேப்பரை எடுத்தார். அவர்கள் வந்தவுடன் கொடுப்பதற்கு.